எட்டாவது ஜோடி

கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் குதிரைப்படை நின்றது. கீழ்த்தட்டில் பீரங்கிகள். நடுத்தட்டு மட்டும் பொக்கை வாய் மாதிரி காலியாக இருந்தது. பல் டாக்டர் வீட்டிலேயே பொக்கை வாயா என்று கேட்க வாயெடுத்தேன். சீஃப் திரும்பிப் பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

சீஃப் என்பது என் முதலாளியம்மா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்து, பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். நான் உதவியாளன். அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவதால் எனக்கு வால் என்று பேர். வாலுக்கு வேறு அர்த்தமும் உண்டு என்பது சீஃபின் அபிப்பிராயம்.

"இங்கதான் இருந்தாங்க," என்றார் டாக்டரின் மனைவி. எங்களைக் கூப்பிட்டது அவர்தான். ஓட்டல் ரிசப்ஷனில் வேலை. கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை, தலையில் ஒரு முடி விலகவில்லை. "பதினாறு பேர். எட்டு ஜோடி. ஜோடிக்கு ஒரு தட்டு. பச்சைக் கோட்டு போட்ட லைட் இன்ஃபன்ட்ரி, காலாட்படை."

"பொம்மைங்கதானே மேடம்?" என்றேன்.

"ஐயோ, அந்த வார்த்தையை அவர் எதிர்ல சொல்லிடாதீங்க. ஒரு தடவை நான் பொம்மைன்னு சொன்னதுக்கு அன்னிக்குப் பூரா பேசல."

நெப்போலியன் காலத்துச் சண்டைகளை ஒரு பெரிய மேஜைமேல் பொம்மைகளை, மன்னிக்கவும், சிப்பாய்களை வைத்து அளவுகோலும் பகடையுமாக ஆடுகிற விளையாட்டு அது. ஈயத்தில் வார்த்த சிப்பாய் ஒருவன் கட்டைவிரலில் பாதி உயரம்தான் இருப்பான். அவனுக்குக் கோட்டு, பொத்தான், கழுத்துப்பட்டி, கன்னத்துச் சிவப்பு வரைக்கும் மூன்று மயிர் பிரஷ்ஷால் பெயிண்ட் அடிக்க வேண்டும். கடைசியில் அவனை ஒரு வட்டத் தட்டில் ஒட்டி, சுற்றிலும் பசை தடவி மணல் தூவி, காய்ந்த புல் மாதிரி ஒரு பொடியைப் பதிக்க வேண்டும். அந்தத் தட்டுக்கு பேஸ் என்று பேர். வெறும் மேஜையில் நின்றால் பொம்மை, மணல்மேல் நின்றால் சிப்பாய் என்பது அந்தக் கூட்டத்தாரின் சித்தாந்தம்.

"ஒரு பேஸ்ல ஏன் ரெண்டு பேர்?" என்று கேட்டார் சீஃப்.

"லைட் இன்ஃபன்ட்ரி வரிசையில நிக்காது. படைக்கு முன்னாடி சிதறிப் போய், மரம் செடி மறைவுல ஜோடி ஜோடியா சண்டை போடும். ஒருத்தன் சுடுறப்ப இன்னொருத்தன் துப்பாக்கியில மருந்து நிரப்புவான். கல்யாணமான புதுசுல இருந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

"நம்ம மாதிரி சீஃப்," என்றேன். "நீங்க சுடுறீங்க, நான் நிரப்புறேன்."

"நீ நிரப்பிக்கிட்டே இருக்கே. வயித்தை." சீஃப் அலமாரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்தப் பதினாறு பேருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கலவரம்?"

டாக்டரின் மனைவி உட்கார்ந்துவிட்டார். விஷயம் இதுதான். டாக்டருக்கு ஒரு பள்ளிக்கூடத்து நண்பர். வாட்ச் ரிப்பேர்காரர், கூப்பிடுகிற பேரும் வாட்ச்தான். டாக்டரின் படை முழுவதற்கும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர் அவர். பச்சைக் கோட்டின் கழுத்துப்பட்டி ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு போடுவாராம். அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்களாம். பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சரியாக வரவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போராடி முடித்து டாக்டருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தவைதான் இந்த எட்டு ஜோடி. நாளை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வாட்ச் வருகிறார். நோய்க்குப் பிறகு முதல் தடவையாக வெளியே வருகிறார், அதுவும் தன் படையைத் தானே நடத்த.

"படையைக் காணோம்," என்றேன்.

"படை போனா போகட்டும் தம்பி. என் தம்பி போயிட்டான்." அவர் கோட்டின் நுனியை நீவினார். "அலமாரி காலியா இருக்கேன்னு இவர்கிட்ட கேட்டேன். வாய் கொப்பளிச்சுக்கிட்டே, 'உன் தம்பியைக் கேளு'ன்னாரு. நான் வளர்த்த பிள்ளை அவன். போன் போட்டு, 'எடுத்தியாடா?'ன்னு கேட்டுட்டேன். அவன் இல்லைன்னு சொல்லல. 'ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடும்கா'ன்னான். அவ்வளவுதான். அப்புறம் போனும் எடுக்கல, வீட்டுக்கும் வரல. இவரும் ஆட்டக்காரங்ககிட்ட எல்லாம் வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. என் தம்பி திருடன்."

"தம்பி ஒத்துக்கிட்டதைக் கணவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார் சீஃப்.

"சொன்னேன். பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டாரு."

சீஃப் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா நினைக்காதீங்க. நகப்பூச்சு இப்படி உரிஞ்சிருந்தா உங்க ஓட்டல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

அவர் விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டார். அந்தச் சீரான ஆளிடம் அது ஒன்றுதான் திட்டுத்திட்டாக இருந்தது. "சொல்றாங்க. வெக்கமாத்தான் இருக்கு. ரிமூவர் பாட்டிலைக் காணோம். பெரிய பாட்டில், பிரிக்கவே இல்ல. இருக்கற கலாட்டாவுல அதை எங்க போய்த் தேடறது?"

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "சீஃப், கேஸ் பல்லிளிக்குது. மச்சினன் எடுத்தான். ஒத்துக்கிட்டான். பீஸ் வாங்கிட்டு வீட்டுக்குப் போலாம்."

"பறிபோன பொருள் திரும்பி வருதுன்னு கேட்டா உனக்கு என்ன ஆகும்?"

"ரெண்டு கவளம் கூடவே இறங்கும்."

"அந்த மனுஷனுக்கு ஏன் இறங்கல?" என்றார் சீஃப். "உனக்கு எந்தப் பல் வலிக்குது?"

"எதுவும் வலிக்கலையே."

"இப்ப வலிக்கும்."

டாக்டரின் கிளினிக் சின்னது, சுத்தமானது. ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், சுவரோரம் வெள்ளை மாவில் வார்த்த பல்வரிசைகள். அவை எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. டாக்டரின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. தூங்கியே பல நாள் ஆன முகம் அது.

"பெரிசா திறங்க," என்றார். மெத்தென்ற விரல்கள். பொய் வலியோடு வந்த என் வாய்க்குள் ஒரு கம்பியை விட்டு எதையோ தட்டினார். நான் கூரையைத் தொட்டுவிட்டு வந்தேன்.

"சொத்தை," என்றார் டாக்டர்.

பொய் சொல்லப் போன இடத்தில் உண்மை வெளிவந்தது என் வாயிலிருந்துதான். சீஃப் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்தபடியே தரையில் குப்பைக் கூடை பக்கமாக வைத்துவிட்டு, ஊர்க்கதை பேசுகிற தோரணையில் ஆரம்பித்தார்.

"உங்க மனைவிதான் எங்களை அனுப்பினாங்க டாக்டர். அந்த லைட் இன்ஃபன்ட்ரி விஷயமா."

என் வாய்க்குள் இருந்த கம்பி நின்றது.

"அது வீட்டு விஷயம்ங்க. அவ தேவையில்லாம... விட்டுடுங்க. பொம்மைங்கதானே?"

இந்த வார்த்தைக்காக மனைவியிடம் ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்த மனுஷர்! என் கண் விரிந்தது. வாய் ஏற்கனவே அதற்குமேல் விரிய இடமில்லாமல் இருந்தது.

"மச்சினன் மேல புகார் கொடுக்கலையா?"

"புகாரா? இல்ல இல்ல. அவன் பாவம்." அவர் கம்பியை ட்ரேயில் வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்தார். "அவனை யாரும் ஒண்ணும் கேட்க வேண்டாம்."

"சரி, வரோம்," என்று எழுந்த சீஃப் கைப்பையைத் தூக்கினார். பையை மூடுகிற காந்தப் பொத்தானில், குப்பைக் கூடையின் ஓரத்திலிருந்து ஏதோ ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. இரும்பு வாஷர், கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. மறு பக்கத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ உருகி உறைந்து, அதில் மணலும் பச்சைத் தூளும் ஒட்டியிருந்தன. யாரோ மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி இருந்தது.

டாக்டரின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

"அது... நாற்காலியோட வாஷர்," என்றார். பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

"அப்படியா? நான் ஒட்டிக்கிட்டு வந்துட்டேன் போல," என்று சொல்லிவிட்டு சீஃப் அதைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். திருப்பிக் கொடுங்கள் என்று டாக்டர் கேட்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் நான் குதித்தேன். "வாஷர்! மச்சினனுக்கு என்ன தொழில்? லிஃப்ட் மெக்கானிக். அவன் இங்கயும் வந்திருக்கான். ஆதாரம் கையில இருக்கு சீஃப்!"

"வாஷர் அவனோடதா இருக்கலாம்," என்றார் சீஃப். "குப்பைக் கூடை யாரோடது?"

 சொத்தைப் பல் விண்விண்ணென்று தெறித்ததுதான் மிச்சம்.

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், பழுது என்று பலகை தொங்கிய லிஃப்ட் கதவுக்குள் மச்சினன் வேலை செய்துகொண்டிருந்தான். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றிருந்ததால் தரைக்கு மேலே அவனுடைய தலை மட்டும் தெரிந்தது. தலையோடு மட்டும் பேசுவது எனக்கு இதுதான் முதல் தடவை. நெற்றியெல்லாம் கிரீஸ்.

"படியில போங்க, இன்னும் நேரமாகும்," என்றது தலை.

சீஃப் குந்தி உட்கார்ந்து வாஷரை அவன் கண்ணுக்கு நேராக நீட்டினார். "இது உங்களோடதா?"

அவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். முகம் செத்துப்போனது. "எங்க கிடைச்சுது? மாமா பார்த்துட்டாரா?"

"எதை?"

தலை சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"இங்க பாருங்க, நாங்க உங்க அக்கா அனுப்பி வந்தவங்க," என்றார் சீஃப். "உங்க பேரைக் காப்பாத்தத்தான் அனுப்பியிருக்காங்க."

"அக்காவா?" அவனுடைய கண் கலங்கியது. "அக்காவே என்னை எடுத்தியான்னு கேட்டுச்சு. என்னத்தைச் சொல்றது? எடுத்தேன்தான். மாமாவைக் கேக்காம எடுத்தது தப்புதான். ஆனா ஏன் எடுத்தேன்னு சொல்ல மாட்டேன். வாட்ச் அண்ணன்கிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

"அவர் பேரைச் சொல்லிட்டீங்களே," என்றேன்.

"சொல்லிட்டேனா?" என்று அவன் விழித்தான். சத்தியத்தைக் காப்பாற்றுகிற அளவுக்கு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத பிள்ளை.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார் சீஃப். "சொல்லக் கூடாதுன்னா சும்மா இருங்க. வாட்ச் எப்பவும் ஈயத்துல வார்த்த சிப்பாய்ங்களுக்குத்தான் பெயிண்ட் அடிப்பார். கை விழுந்ததுக்கு அப்புறம் அந்த எடையை ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியல. அதனால இந்தப் பதினாறையும் பிளாஸ்டிக்ல வாங்கினார்."

தலை சும்மா இருந்தது.

"ஆனா பிளாஸ்டிக்குன்னா உங்க மாமாவுக்கு ஆகாது."

இதற்கு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "பிளாஸ்டிக்ல பண்ணினா அது சோல்ஜர் இல்லடா, பல்செட்டுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எல்லார் எதிர்லயும்."

"அதனால பேஸுக்கு அடியில எடைக்கு ஒரு வாஷர். கையில எடுத்தா ஈயம் மாதிரி கனக்கும். மேல பெயிண்ட் அடிச்சா எது ஈயம், எது பிளாஸ்டிக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. வாஷர் சப்ளை நீங்க."

"நான் சொல்லல," என்றான் அவசரமாக. "நீங்களா சொன்னது."

"நானாத்தான் சொன்னேன். இப்ப இதை மட்டும் நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடும்னு அக்காகிட்ட சொன்னீங்களே, என்ன வந்துடும்?"

"ஜோடிதான்."

"எத்தனை ஜோடி?"

"எத்தனையா? ஒண்ணுதாங்க எடுத்தேன்." அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன்? மத்ததெல்லாம் அலமாரியிலதானே இருக்கு?"

சீஃப் இல்லையென்று தலையாட்டினார்.

"எல்லாத்தையுமா காணோம்?"

அவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, கீழே கீழே என்று தட்டிக்கொண்டே போய் அடியில் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு அவனைத் திருடன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

"மேல ஏறி வாங்க," என்றார் சீஃப். "அந்த ஒரு ஜோடி எங்க இருக்கோ, எடுத்துக்கிட்டு கிளினிக்குக்கு வாங்க. அக்காவையும் வரச் சொல்றேன்."

கிளினிக்கில் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனதும் சீஃப் உள்ளே நுழைந்தார். பின்னால் நான், எனக்குப் பின்னால் ஓட்டல் கோட்டோடு டாக்டரின் மனைவி. மச்சினன் இன்னும் வந்து சேரவில்லை.

"உட்காருங்க டாக்டர்," என்றார் சீஃப், நோயாளி நாற்காலியைக் காட்டி.

டாக்டர் மறுபேச்சில்லாமல் அதில் உட்கார்ந்தார். யாராவது எப்போதாவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் மேலே இருந்த விளக்கைப் போட்டேன்.

"பெரிசா வாயைத் திறங்க," என்றேன். பழைய கணக்கைத் தீர்க்கிற ஆசையில் சொன்னதுதான். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டேன்.

சீஃப் வாஷரை எடுத்து, உறைந்திருந்த சாம்பல் நிறத்தை மனைவியிடம் காட்டினார். "உத்துப் பாருங்க. ஓரத்துல என்ன நீட்டிக்கிட்டு இருக்கு?"

அவர் கண்ணுக்கருகில் கொண்டுபோனார். "பூட்ஸ்," என்றார். "குட்டி பூட்ஸ்."

நான் சூயிங்கம் என்று நினைத்தது ஒரு சிப்பாய். அவனில் மிஞ்சியது ஒரு கால் மட்டும்தான்.

"உங்க ரிமூவர் பாட்டில் இங்கதான் தீர்ந்துது மேடம்," என்றார் சீஃப். "பழைய பெயிண்டை எடுக்க இவங்க எல்லாம் பண்றதுதான். ஈயச் சிப்பாயைத் தூக்கி அதுல போட்டா பெயிண்ட் மட்டும் கழண்டு, சிப்பாய் புதுசா வெளிய வருவான். பிளாஸ்டிக் சிப்பாயைப் போட்டா சிப்பாயே கழண்டுடுவான்."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களா?"

டாக்டர் எழுந்து மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தார். பல்செட்டை ஊறவைக்கிற கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் அடியில் பச்சையும் சாம்பலுமாக ஒரு கட்டி. அதற்குள் ஆறு வாஷர்கள் புதைந்திருந்தன. ஒரு துப்பாக்கி முனை, பாதித் தொப்பி, ஒரு கை. தூக்கிப்போடவும் மனசு வராமல், பார்க்கவும் தைரியம் வராமல் வைத்திருந்திருக்கிறார்.

"கோடு கோணலா இருந்துச்சு," என்றார். யாரையும் பார்க்கவில்லை. "அந்த வெள்ளைக் கோடு. கழுத்துல ஆரம்பிச்சு கன்னத்துல ஏறியிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்க. அவன் கை போயிடுச்சுன்னு ஒருத்தருக்கொருத்தர் கண்ணைக் காட்டுவாங்க. பெயிண்டைக் கழட்டிட்டு நானே ராத்திரி பகலா உட்கார்ந்து போட்டு, அவன் போட்டதாவே வெச்சிடலாம்னு நினைச்சேன். கனமா இருந்துச்சு, ஈயம்னு எல்லாத்தையும் ஒண்ணா போட்டேன். திரும்பி வந்து பார்த்தா..."

"என் தம்பி?" என்றார் மனைவி. குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ திடீர்னு வந்து கேட்டே. அவன் ஒரு ஜோடியை எடுத்துப் பையில போட்டதை முந்தியே பார்த்திருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. மறுநாள் சொல்லிடலாம்னு இருந்தேன். அவன் ஒத்துக்கிட்டான்னு நீ வந்து சொன்னே பாரு, அப்பவே செத்துட்டேன். செய்யாததை ஒருத்தன் எனக்காக ஒத்துக்கறானேன்னு. அன்னியில இருந்து பல் தேய்க்கறப்ப கூட கண்ணாடியில என் மூஞ்சியை நான் பார்க்கல."

கதவு திறந்தது. மச்சினன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. கையில் மாத்திரை டப்பா ஒன்று.

அக்கா அவனிடம் போனார். தொடவில்லை. "உன்னைப் போய் எடுத்தியான்னு கேட்டேன்டா. கேட்டிருக்கவே கூடாது."

"நானும் இல்லைன்னு சொல்லலையேக்கா," என்றான் அவன்.

சீஃபின் பின்னால் நின்று நான் முணுமுணுத்தேன். "ஒரு குற்றவாளியைத் தேடி வந்தோம் சீஃப். க்யூவே நிக்குது."

"பேசாம இரு," என்றார் சீஃப். அவருக்கும் கண் ஒரு மாதிரியாக இருந்தது.

மச்சினன் டப்பாவைத் திறந்து, பஞ்சுக்கு நடுவிலிருந்து ஒரு பேஸை எடுத்து மேஜைமேல் வைத்தான். எட்டாவது ஜோடி. மணல்மேல் இரண்டு பச்சைக்கோட்டுக்காரர்கள். ஒருவன் மண்டியிட்டுக் குறிபார்க்கிறான், பின்னால் ஒருவன் துப்பாக்கியில் மருந்தைக் குத்தி நிரப்புகிறான். கழுத்துப்பட்டியில் வெள்ளைக் கோடு. மண்டியிட்டவனுக்கு லேசாக நடுங்கியிருந்தது. பின்னால் நின்றவனுக்கு மயிரிழையாக, நேராக ஓடியது.

டாக்டர் அதைக் கையில் எடுத்து, விளக்கை மறுபடி போட்டு அதன் அடியில் பிடித்தார். "இது... யார் போட்டது?"

மச்சினன் பதில் சொல்வதற்குள் அவனுடைய போன் அடித்தது. வாட்ச் என்று பெயர் வந்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் அவன் முழங்கை முட்டால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, வெச்சிட்டியா? அவன் பார்த்தானா?" நாக்கு கொஞ்சம் குழறிய, ஆனால் சந்தோஷம் தாங்காத குரல். பின்னணியில் ஏகப்பட்ட கடிகாரங்கள் டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. "இடது கையால போட்டதுன்னு சொல்லிடாத. அவனே கண்டுபிடிக்கட்டும். நான் முதல்ல கொடுத்தது அசிங்கமா இருந்துச்சுப்பா. அவன் நல்லாருக்குன்னான், மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது. இப்ப தைரியம் வந்துடுச்சு. மீதி ஏழையும் ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்துடு, எல்லாத்துக்கும் மேல திரும்பப் போட்டுடறேன். ஒரே ஒரு விஷயம். உங்க அக்கா நெயில் பாலிஷ் ரிமூவர் வெச்சிருக்கும். அது பக்கத்துல மட்டும் கொண்டுபோயிடாத. பிளாஸ்டிக்கு, கரைஞ்சுடும்."

 டாக்டரின் மனைவி தன் உரிந்த நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  அந்தச் சமயத்தில் கரைகிற எதையும் நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி? லைன்ல இருக்கியா?"

சீஃப் போனை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தார். வேறெதுவும் செய்யவில்லை.

"நான்தான்டா," என்றார் டாக்டர்.

கடிகாரங்கள் ஓடின.

"ஏழும் இல்லடா. நான் கரைச்சுட்டேன். உன் கோடு கோணலா இருக்குன்னு, கழட்டிட்டு நானே போடலாம்னு. உனக்காகன்னு நினைச்சேன். இல்லடா. என் அலமாரிக்காகத்தான். பழியை இந்தப் பையன் மேல போட்டேன். என் மச்சினன்மேல. அவன் உனக்குக் கொடுத்த சத்தியத்துக்காக வாயைத் திறக்கல."



"கோணலா இருந்துச்சுன்னு ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றது குரல். இப்போது அதில் சந்தோஷம் இல்லை.

ஈயம் இல்லையென்று நீ ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பல்செட் என்று சொல்லிச் சிரித்த வாய் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்த வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"நானும் சொல்லியிருக்கணும்," என்றார் வாட்ச். "பிளாஸ்டிக்குன்னு. சொன்னா நீ சிரிப்பேன்னு இருந்துட்டேன்." பிறகு ஒரு பெருமூச்சு. "வாஷர் இருக்கா?"

"இருக்கு."

"எல்லாமா?"

சீஃப் ஏழாவது வாஷரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாம் இருக்கு," என்றார் டாக்டர்.

"சுரண்டி வை. காலையில வரேன்." போன் வைக்கப்பட்டது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. டாக்டரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

டாக்டர் கிண்ணத்தை வாஷ்பேசினுக்கு எடுத்துக்கொண்டுபோய், பல்லில் காரை சுரண்டுகிற கம்பியால் கட்டியை உடைத்து, ஒரு வாஷரை வெளியே எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.  கம்பி வழுக்கி விரலில் ஏறியது. "டேய்," என்றார் திரும்பாமலே. "நான் உன்னை..." 

மச்சினன் அக்காவைப் பார்த்தான்.  அக்கா கணவர் பக்கம் திரும்பவே இல்லை. அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, ட்ரேயிலிருந்து இன்னொரு கம்பியை எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனான்.

"உங்களுக்காக இல்ல மாமா," என்றான். "வாஷர் என்னோடது."

டாக்டர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.